இரண்டு பிடி வைத்த பெட்டி

என் முதல் ஆம்பிளிஃபையரை ஒரு ஆளால் தூக்க முடியாது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். என் கிட்டார் மேடையிலிருந்து நாலு பேர் காதுக்குப் போக அந்தப் பெட்டி வேண்டும். அந்தப் பெட்டி மேடைக்குப் போக இன்னொரு மனிதர் வேண்டும். பெட்டியின் இரண்டு பக்கத்திலும் இரும்புப் பிடி வைத்திருந்தது. ஒன்று எனக்கு. மற்றது சினிமாப் பாட்டுக் கச்சேரி நடத்தும் எங்கள் கானமேளா குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த சேட்டனுக்கு.

எழுபதுகளின் பிற்பகுதி அது. எர்ணாகுளத்துக்கு எதிர்க்கரையில், மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு மண்டியின் மாடியில் ஒற்றை அறையில் இருந்தேன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்கா கல்யாணமாகித் தென்காசிப் பக்கம் போய்விட்டாள். எனக்குக் கார்ப்பரேஷனில் கொசு மருந்து அடிக்கும் வேலை. முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு சாக்கடை ஓடை ஓடையாக எண்ணெய் தெளித்துக்கொண்டே போக வேண்டும். நான் தெருவுக்குள் நுழைந்ததுமே பெண்கள் கொடியில் காயும் துணிகளை உருவிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். அவர்கள் மேல் தப்பில்லை, அந்த நாற்றம் அப்படி. ஆனால் காலையிலிருந்து மூடிய சன்னல்களையே பார்த்து நடப்பவனுக்குப் பேச்சு மறந்துபோகும். சில நாள் சாயங்காலம் சாயாக்கடையில் வாயைத் திறந்தால் குரல் வராமல் கனைத்துக்கொள்வேன்.

கிட்டாரை, சர்ச்சில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கி, ரேடியோவைக் கேட்டு நானே தடவித் தடவிக் கற்றுக்கொண்டேன். ஆம்பைச் செய்துகொடுத்தவர் பக்கத்துத் தெரு ரேடியோ மெக்கானிக். பழைய சினிமாக் கொட்டகை ஆம்பிளிஃபையரின் உள்ளுறுப்புகளை எடுத்து, தேயிலைக் கிடங்குப் பலகையில் பெட்டி அடித்து, உள்ளே வைத்துத் தந்தார். எல்லாம் வால்வு. பழைய ரேடியோவுக்குள் செக்கச் செவேலென்று கனன்றுகொண்டிருக்குமே, அந்தக் கண்ணாடிக் குமிழ்கள். வால்வுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் ஒரு ஆட்டுக்கல் கனம் இருக்கும். "இது கேட்டா பின்னே வேற ஒண்ணும் கேக்கத் தோணாது" என்று அவர் பெருமையடித்துக்கொண்டார். அவர் எதைச் செய்தாலும் அதைத்தான் சொல்வார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது உண்மை.

குழுவின் வேன் எர்ணாகுளத்திலிருந்து கிளம்பும். எங்களுக்காக மட்டாஞ்சேரியைச் சுற்றிக்கொண்டு வராது. நிகழ்ச்சி முடிந்தபின், படகு நின்றுபோயிருக்கும் என்பதால், திரும்பும்போது மட்டும் கொண்டுவந்து விடும். போகும்போது எங்கள் பாடு. அதனால் கல்யாணமோ பெருநாளோ உற்சவமோ, நிகழ்ச்சி உள்ள நாளெல்லாம் மதியத்துக்கு மேல் சேட்டன் என் மாடிப்படியில் ஏறி வருவார். ஐஸ் கம்பெனியில் வேலை அவருக்கு. நாளெல்லாம் ஐஸ் பாளங்களை இழுத்து அடுக்குகிற கை, தொட்டால் சில்லென்றிருக்கும். என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவர். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் உள்ளவர். என்னிடம் பேசும்போது தன் மலையாளத்தைப் பாதித் தமிழாக்கிக்கொள்வார். நானும் என் தமிழைப் பாதி மலையாளமாக்கிக்கொள்வேன். நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொள்வோம்.

படியேறியதும் முதல் கேள்வி, "நீ வல்லதும் கழிச்சோடா?" ஏதாவது சாப்பிட்டாயா என்று. அந்த ஊரில் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்போம். மண்டித் தெரு வழியாக, மூட்டை வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் படகுத்துறை வரை. பெட்டி நடுவில் இருப்பதால் ஒரே வேகத்தில்தான் நடக்க முடியும். ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்க வேண்டும். பாதி வழியில் ஒரு சாயாக்கடை. அங்கே பெட்டியை இறக்கி வைத்துச் சாயா குடிப்போம். கிளம்பும்போது இடம் மாறிக்கொள்வோம், வலக்கையில் பிடித்தவர் இடக்கைக்கு. "கை மாத்தாம்" என்பார். இது எங்கள் வழக்கமாகிவிட்டது. அந்த நடையில் அவர் பேசாத விஷயமில்லை. மூத்த மகளின் இருமல், கம்பெனி மேனேஜரின் கஞ்சத்தனம், கல்ஃபுக்குப் போய் வந்த மச்சான் காட்டும் பவுசு எல்லாம் வரும். நான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே வருவேன். எனக்குச் சொல்ல என்ன இருந்தது, ஓடையைத் தவிர. ஆனாலும் என் ஓடைகளைப் பற்றியும் கேட்பார்.

படகில் ஏறினால் கிண்டல் தொடங்கிவிடும். கறுப்புப் பெயின்ட் அடித்த நீளப் பெட்டி, இரண்டு பக்கமும் ஆள். "ஆரா சேட்டா மரிச்சது?" என்று யாராவது கேட்பார்கள். "ஆரும் மரிச்சிட்டில்ல. இவன் வாசிச்சுக் கேட்டா மரிக்கும்" என்பார் சேட்டன், என்னைக் காட்டி. படகே சிரிக்கும். நானும் சிரிப்பேன். என்னைக் கிண்டல் செய்ய ஒரு மனிதர் இருக்கிறாரே என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

இப்படிக் கிடந்ததைத்தான் நான் கெடுத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

ஒருநாள் மேடைக்குப் பின்னால் சேட்டன் சட்டையைக் கழற்றித் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தோள்பட்டை கன்றிச் சிவந்திருந்தது. காலையெல்லாம் ஐஸ், மதியத்துக்கு மேல் என் பெட்டி. என்னைக் கண்டதும் சட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஐஸுக்காரனுக்கு இதொக்கே உள்ளதாடா" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் தோளில் நான் ஏறி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. ஒரு ஆள் தூக்கக்கூடிய ஆம்ப் வாங்கிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

தேடப் போனபோதுதான் தெரிந்தது, அது லேசில் கிடைக்கிற சாமான் இல்லை என்று. எர்ணாகுளத்துக் கடையில் டிரான்சிஸ்டர் ஆம்ப் இருந்தது. எடை இல்லை, ஒரு விரலில் தூக்கலாம். ஆனால் ஓசை தகரம். மெதுவாக வாசித்தால் ஒரு மாதிரி போகும்; கொஞ்சம் ஓங்கி அடித்தால் கிழிந்த பறை மாதிரி பொரியும். வால்வு அப்படி இல்லை. ஓங்கி அடிக்க அடிக்க ஓசை உடையாமல் இளகும், லேசாகக் கரகரக்கும், அழுது முடித்தவர் பேசுகிற குரல் மாதிரி. பாட்டுக்கு நடுவில் கிட்டார் தனியாக வருகிற இடத்தில் அந்தக் கரகரப்புதான் உயிர்.

ஜூ டவுன் என்ற யூதத் தெருப் பக்கம் கப்பல் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. கப்பலோட்டிகள் விற்றுவிட்டுப் போகும் கடிகாரம், பைனாகுலர், டேப் ரிக்கார்டர் எல்லாம் அங்கே தூசி தின்றுகொண்டிருக்கும். அங்கேதான் அதைப் பார்த்தேன். சின்னச் சூட்கேஸ் அளவு, மேலே தோல் பிடி. ஒரே ஒரு பிடி. உள்ளே நிஜமான வால்வு. வேலை முடித்து, குளித்து, கிட்டாரை எடுத்துக்கொண்டு விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போனேன். ஒயரைச் செருகி, வால்வு சூடாகும் வரை காத்திருந்து ஒரு அடி அடித்தேன். அப்படியே உருகிப் போனேன். கொஞ்சம் அழுத்தினாலே இளகிக் கரகரத்து இனித்தது. கடைக்காரர்கூடக் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். இதற்கு மேல் எதைச் சோதிக்க வேண்டும்? வாங்கிவிட்டேன்.

மறுநாள் சேட்டனிடம் போய்க் காட்டினேன். தோல் பிடியில் தூக்கிப் பார்த்தார். "கொள்ளாம், நல்லா இருக்கு" என்றார். மறுபடியும் தூக்கிப் பார்த்தார். பிறகு, "அப்போ இனி நான் வரண்டா, இல்லே?" என்று கேட்டார். இனி நான் வர வேண்டியதில்லை, அப்படித்தானே என்று.

"வேண்டா சேட்டா. இனி நான் தனியாப் பாத்துக்குவேன். தன் கையே தனக்கு உதவி" என்றேன், பழமொழியெல்லாம் போட்டு. அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அவரும் தலையை ஆட்டினார்.

அடுத்த நிகழ்ச்சிக்கு அவர் ஐஸ் கம்பெனியிலிருந்து நேரே பஸ் பிடித்துத் தோப்பும்படிப் பாலம் வழியாக எர்ணாகுளம் போய்விட்டார். நான் தனியாகப் படகுத்துறைக்கு நடந்தேன். கனமே இல்லை. விசுக் விசுக்கென்று போய், சாயாக்கடையைத் தாண்டிய பிறகுதான் தாண்டிவிட்டேன் என்று தெரிந்தது. படகில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கையில் சூட்கேஸோடு போகிறவனிடம் கேட்க என்ன இருக்கிறது?

அன்றைக்கு மேடையில் இன்னொரு அடி காத்திருந்தது. பெரிய இடத்துக் கல்யாணம். மண்டபத்துக்குச் சொந்த ஜெனரேட்டர். முதல் பாட்டில் கிட்டார் தனியாக வரும் இடம் வந்தது. ஓங்கி அடித்தேன். ஓசை இளகவும் இல்லை, கரகரக்கவும் இல்லை. கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு மாதிரி பளிச்சென்று, விறைப்பாக வந்து விழுந்தது. முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்த குழுத் தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஆம்பைப் பார்த்தேன். இது கடையில் கேட்ட ஆம்ப்தானா என்று எனக்கே சந்தேகம்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "விளக்கு வைக்கிற நேரத்திலா டெஸ்ட் பண்ணினே? மட்டாஞ்சேரியிலா?" என்றார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சாயங்காலம் ஊர் முழுக்க விளக்கைப் போட்டதும் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கிவிடும். பல்பு முட்டையின் மஞ்சள் கருபோல மங்கித் தொங்கும். மின்சாரம் பசியோடிருந்தால் வால்வு சீக்கிரம் இளகும். கடையில் நான் கேட்ட இனிமை ஆம்பினுடையது இல்லை, மட்டாஞ்சேரியின் வோல்டேஜினுடையது. எர்ணாகுளத்து ஜெனரேட்டர் வயிறு நிறையக் கொடுத்ததும் ஆம்ப் அதன் நிஜக் குரலில் பேசிவிட்டது. பிறந்ததிலிருந்து மங்கின பல்பிலேயே வளர்ந்தவனுக்கு அது மங்கல் என்றே தெரியவில்லை.

இனி ஒரு பெடல் வேண்டும். கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் வைத்துக் காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி அது. மிதித்தால் அந்தக் கரகரப்பை அதுவே உண்டாக்கிக் கொடுக்கும். மெக்கானிக் ஒன்று செய்து தந்தார், பிஸ்கட் டின்னில். மிதித்தால் தேன்கூட்டில் கல்லெறிந்த மாதிரி 'ஙொய்' என்று கிளம்பும். மெதுவாக அடித்தாலும் அதே ஙொய், ஓங்கி அடித்தாலும் அதே ஙொய். "இது கேட்டா பின்னே வேற ஒண்ணும்" என்று ஆரம்பித்தார். எனக்கும் வேறு ஒன்றும் கேட்கவில்லைதான், காது அடைத்துவிட்டது.

பிறகு கல்ஃபிலிருந்து வந்த ஒருவரிடம் வெளிநாட்டுப் பெடல்கள் இரண்டு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். இந்த முறை சூடுபட்ட பூனை நான். வீட்டில் கேட்க மாட்டேன் என்று சொல்லி, இரண்டையும் இரவல் வாங்கி, ஒரு விடுமுறை நாள் நடுப்பகலில் எர்ணாகுளத்து மண்டபம் ஒன்றுக்கே கொண்டுபோய், காவல்காரரைக் கெஞ்சி, காலி மண்டபத்தில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன். ஒன்று ரொம்ப அழகாக உறுமியது. ஆனால் விரல் மெலிந்தாலும் உறுமலை விடவில்லை. இன்னொன்று விரல் சொன்னபடி கேட்டது. மெல்லத் தொட்டால் தெளிவு, அழுத்தினால் கரகரப்பு, கிட்டாரின் ஒலியைக் குறைத்தால் பெடல் இருப்பதே தெரியாது. இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்: சாமானை நீ குடியிருக்கும் இடத்தில் சோதிக்காதே, வாசிக்கப்போகும் இடத்தில் சோதி.

அந்தக் காலி மண்டபத்தில் வாசித்து முடித்ததும் பழக்க தோஷத்தில் வலப் பக்கம் திரும்பினேன், எப்படி இருக்கு சேட்டா என்று கேட்க. வரிசை வரிசையாக மடக்கு நாற்காலிகள் இருந்தன. அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். காவல்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மேடையில் எல்லாம் சரியாகிவிட்டது. குழுத் தலைவர் முதுகில் தட்டினார். சேட்டனும் நானும் ஒரே மேடையில், நாலடி தூரத்தில்தான் நின்றோம். ஆனால் மேடையில் யார் பேச முடியும்? திரும்பி வரும் வேனில் ஏறியதும் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். ஒருநாள் அவரை வழியில் பார்த்து, "சாயா குடிக்கலாம் வாங்க சேட்டா" என்றேன். "கொறச்சு வேலையுண்டு மோனே" என்று போய்விட்டார். ஒரு ஆண்பிள்ளை இன்னொரு ஆண்பிள்ளையைப் பார்த்து 'சும்மா என்கூட நடந்து வா' என்று கேட்கிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. நடப்பதற்குக் கையில் ஒரு சுமை வேண்டும். அந்தச் சுமையைத்தான் நான் ஒழித்திருந்தேன்.

பெரிய ஆம்பின் உள்ளுறுப்புகளை ஒரு கொட்டகைக்கு வேண்டுமென்று மெக்கானிக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். வெறும் பெட்டி மட்டும் அறையில் கிடந்தது. அதன் மேல்தான் தட்டை வைத்துச் சாப்பிடுவேன். நீளப் பெட்டி, எதிர்ப் பக்கம் இன்னொரு தட்டுக்கும் இடமிருந்தது. பல நாள் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டேதான் சோற்றைப் பிசைந்திருக்கிறேன்.

மழைக்காலம் தொடங்கியது. ஒரு பெருநாள் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ஐஸ் கம்பெனி வாசலில் போய் நின்றேன். சேட்டன் சாக்கு உடுப்போடு வெளியே வந்தார்.

"சேட்டா, படகிலே சாரல் அடிக்குது. சின்ன ஆம்ப் நனைஞ்சா போச்சு. பழைய பெட்டிக்குள்ளே வச்சுக் கொண்டு போகலாம்னு பாத்தேன். ஆனா..." என்று இழுத்தேன். "பெட்டியைத் தனியாத் தூக்க முடியல."

அவர் ஈரக் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டார். "ஞான் வராம்" என்றார். வருகிறேன் என்று.

அன்று இரவே சின்ன ஆம்பைப் பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் பழைய வேட்டியைத் திணித்தேன். தூக்கிப் பார்த்தேன். சிரிப்பாக வந்தது, பாதிக் கனம்கூட இல்லை. இரண்டு செங்கல் போடலாமா என்று யோசித்து, எடுத்தும் வந்துவிட்டேன். அவர் தோள் நினைவுக்கு வந்தது. செங்கல்லை எடுத்த இடத்திலேயே திரும்பக் கொண்டுபோய்ப் போட்டேன்.

மறுநாள் மதியம் படியில் அவருடைய காலடி. "நீ வல்லதும் கழிச்சோடா?" சாப்பிடாவிட்டாலும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன், தலையை ஆட்டினேன். அவர் தன் பக்கத்துப் பிடியைப் பிடித்தார். நான் என் பக்கம். தூக்கினோம். ஐஸ் பாளத்தைத் தொட்டே எடை சொல்கிற கை அது. ஒரு நொடி நின்றார். பிறகு, "அம்மோ! எந்தொரு கனம்!" என்று முக்கிக்கொண்டு படியிறங்கினார்.

மண்டித் தெருவில் நடந்தோம், பழைய வேகத்தில். மூத்த மகளுக்கு இருமல் விட்டுவிட்டதாம். சாயாக்கடையில் பெட்டியை இறக்கினோம். அங்கேதான் சொன்னார், மச்சான் மூலமாக மஸ்கட்டுக்கு விசா வந்திருக்கிறது, மழை விட்டதும் போகிறேன் என்று.

"எப்போ வந்துச்சு சேட்டா?"

"கொறச்சு நாளாயி. நடக்கும்போ உங்கிட்ட சொல்லலாம்னு வச்சிருந்தேன். பின்னே நடப்பே இல்லாமப் போச்சு" என்றார், சாயாவை ஊதியபடி.

நான் மிச்சச் சாயாவை ஒரே மடக்கில் குடித்தேன். "கை மாத்தாம்" என்று அவரே எழுந்தார். இடம் மாறிக்கொண்டு தூக்கினோம். படகில் வழக்கம்போல யாரோ, "ஆரா மரிச்சது?" என்று கேட்டார்கள். சேட்டன் இந்த முறை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எர்ணாகுளம் துறையில், மழையில் வழுக்கும் படியில், சுமைக்காரன் ஒருவன் உதவிக்கு வந்தான். எங்களைக் கேட்காமலே பெட்டியை ஒரு கையால் தூக்கிப் படகிலிருந்து எடுத்துக் கரையில் வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தான்.

"இதுக்கு ஒராளு மதியல்லோ சேட்டா, எந்தினா ரெண்டாளு?" என்று சிரித்தான். ஒரு ஆள் போதுமே, எதற்கு இரண்டு பேர் என்று.

சேட்டன் குனிந்து தன் பக்கத்துப் பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் என் பக்கத்தைப் பிடிக்கும் வரை காத்திருந்தார்.

"நினக்கு அறியில்லடா" என்றார் அவனிடம். "இது ஒராளால் தூக்க முடியாது."

தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் படியேறினோம்.